நான்தான் சதோஷி என்றவரும் அவர் காட்டிய கடதாசிகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

வட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய செய்தி ஒன்று இருக்கிறது. "பிட்கொய்னைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரிந்துவிட்டது, அவர் ஓர் அவுஸ்திரேலியர், பெயர் கிரேக் ரைட்" என்று. அது 2016ஆம் ஆண்டின் செய்தி. அதற்குப் பிறகு நடந்த எட்டு வருடக் கதை அந்தச் செய்தியோடு சேர்ந்து வருவதில்லை. வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கு அந்த எட்டு வருடம்தான் முக்கியம். "இதைச் செய்தவன் நான்தான்" என்று ஒருவர் வந்து நின்றால் அந்தப் பேச்சை எப்படி உரைத்துப் பார்ப்பது என்பதற்கு, அண்மைக் காலத்தில் இதைவிட நல்ல பாடம் என் கண்ணில் படவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008 ஒக்டோபர் 31ஆம் திகதி, உலக வங்கிகள் ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரம், இரகசியக் குறியீட்டியலில் ஆர்வமுள்ளவர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றுக்கு ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று அறிமுகமானது. எழுதியவர் பெயர் சதோஷி நகமோட்டோ. நடுவில் வங்கி இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாக மின்பணம் அனுப்புவது எப்படி என்பதுதான் கட்டுரையின் விடயம். அடுத்த வருடம் ஜனவரி 3ஆம் திகதி பிட்கொய்ன் கணக்கேட்டின் முதல் பக்கம் உருவானது. அன்றைய லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் தலைப்பு ஒன்றை சதோஷி அந்தப் பக்கத்துக்குள் பதித்து வைத்தார். பிரித்தானிய நிதியமைச்சர் வங்கிகளுக்கு இரண்டாவது தடவையும் கைகொடுக்க வேண்டிய நிலையில் நிற்கிறார் என்ற செய்தி அது. வங்கிகளைக் குத்திக் காட்டத்தான் அதைப் போட்டார் என்று பலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அதில் இன்னொரு வேலையும் நடந்திருக்கிறது. அந்தத் திகதிக்கு முன் இந்தப் பக்கம் தயாரிக்கப்பட்டிருக்க முடியாது என்பதற்கு அந்தத் தலைப்பே அத்தாட்சி. ஆக, ஒரு திகதியை எப்படி நிரூபிப்பது என்று அந்த மனிதருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. இதை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

சதோஷி இரண்டு வருடம் போல மற்ற நிரலாளர்களோடு எழுத்தில் மட்டும் பழகினார். 2010 டிசம்பரில் பொதுவில் எழுதுவதை நிறுத்தினார். 2011 ஏப்ரலில், தான் வேறு வேலைகளுக்குப் போய்விட்டதாகக் கூட இருந்த ஓரிருவருக்கு எழுதினார். அதோடு ஆள் இல்லை. ஆரம்ப காலத்தில் அவர் சேர்த்ததாகக் கணிக்கப்படும் நாணயங்கள் ஏறத்தாழ 11 இலட்சம். அவை அப்படியே கிடக்கின்றன.

அடுத்து வருவது கொஞ்சம் தொழில்நுட்பம். ஐ.சி.டி. ஆசிரியர்கள் என் எளிமைப்படுத்தலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிட்கொய்ன் கணக்கேடு எல்லாருக்கும் திறந்தது. கடை மேசையில் வைத்திருக்கும் கண்ணாடி உண்டியலைப் போல: உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெருவில் போகிறவனும் பார்க்கலாம், சாவி வைத்திருப்பவன் மட்டும்தான் திறக்கலாம். அந்தச் சாவி ஒரு நீண்ட எண். அதனால் உண்டியலைத் திறக்காமலேயே இன்னொன்றும் செய்யலாம். ஒரு வாசகத்தை எழுதி அந்த எண்ணால் "ஒப்பம்" இடலாம். ஒப்பம் சரியா பிழையா என்று உலகத்தில் யாரும் தங்கள் கணினியில் சோதிக்கலாம், ஆனால் சாவி இல்லாதவர் அந்த ஒப்பத்தை உண்டாக்க முடியாது. நம் கையெழுத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நாம் எந்தக் கடதாசியிலும் ஒரே கையெழுத்தைத்தான் போடுகிறோம். இங்கே வாசகத்தில் ஒரு புள்ளி மாறினாலும் ஒப்பம் பொருந்தாது. ஒரு வாசகத்துக்கு இட்ட ஒப்பம் அந்த வாசகத்துக்கு மட்டும்தான்.

ஆகவே "சதோஷி நான்தான்" என்று சொல்கிறவர் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. இன்றைய பத்திரிகையின் தலைப்பை எடுத்து, 2009ஆம் ஆண்டின் முதல் பக்கங்களுக்குரிய சாவி ஒன்றால் ஒப்பமிட்டு, வெளியே போட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். ஒரு சதம் அசைய வேண்டியதில்லை.

இந்த ஐந்து நிமிட வேலைதான் எட்டு வருடமாக நடக்கவில்லை.

கிரேக் ரைட்டுக்கு முன்பும் சிலரை உலகம் சதோஷி ஆக்கிப் பார்த்தது. 2014 மார்ச்சில் நியூஸ்வீக் சஞ்சிகை கலிபோர்னியாவில் நகமோட்டோ என்ற குடும்பப் பெயருள்ள ஒரு முதியவரைக் கண்டுபிடித்து "இவர்தான்" என்று அட்டைப்படக் கதை போட்டது. பாவம் அந்த மனிதர், வீட்டு வாசலில் செய்தியாளர் கூட்டம், காரில் போனால் பின்னால் துரத்தல். அவர் மறுத்தார். பல வருடம் மௌனமாகக் கிடந்த சதோஷியின் பழைய கணக்கிலிருந்தும் "அவர் நானல்ல" என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி.

ரைட்டின் விடயம் வேறு. 2015 டிசம்பரில் வயர்ட், கிஸ்மோடோ என்ற இரண்டு ஊடகங்கள், தங்களுக்குக் கிடைத்த ஆவணங்களை வைத்து அவர் சதோஷியாக இருக்கலாம் என்று எழுதின. அந்த நேரத்திலேயே சிட்னியில் அவர் வீட்டில் பொலிஸ் சோதனை நடந்தது. அது வரித் திணைக்களத்தின் விசாரணை சம்பந்தப்பட்டது. கொஞ்ச நாளிலேயே, ஆவணங்கள் சோடிக்கப்பட்டிருக்கலாம் என்று வயர்ட் தானே எழுதியது. ஆனால் 2016 மே 2ஆம் திகதி ரைட் தானாக முன்வந்து பி.பி.சி., எக்கொனமிஸ்ட், ஜி.கியூ. ஆகியவற்றிடம் "சதோஷி நான்தான்" என்றார். அன்றே தன் வலைப்பதிவில், பிரெஞ்சு தத்துவஞானி சார்த்தரின் எழுத்து ஒன்றுக்கு சதோஷியின் சாவியால் ஒப்பமிட்டது போன்ற ஒரு நீண்ட விளக்கத்தையும் போட்டார்.

சில மணித்தியாலங்களில் அது உடைந்தது. அவர் காட்டிய ஒப்பம் உண்மையில் சதோஷியுடையதுதான். ஆனால் சார்த்தரின் எழுத்துக்கு இட்டது அல்ல. 2009இல் சதோஷி செய்த ஒரு கொடுக்கல் வாங்கலில் இட்ட ஒப்பம், திறந்த ஏட்டில் ஏழு வருடமாக எல்லார் கண் முன்னும் கிடந்தது. அதை எடுத்து வேறு வடிவத்துக்கு மாற்றிப் போட்டிருந்தார். காணி வழக்குகளில் அலைந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மௌத்தாகிப்போன வாப்பாவின் பழைய கடிதத்திலிருந்து கையெழுத்தை வெட்டி, புதிய உறுதியின் அடியில் ஒட்டுகிற வேலை. கையெழுத்து உண்மை. உறுதி கள்ளம்.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ரைட்டை நம்பியவர்கள் எல்லாரும் ஏமாளிகள் அல்லர். சதோஷி போன பிறகு பிட்கொய்ன் மென்பொருளின் பொறுப்பை ஏற்றிருந்த கெவின் அன்ட்ரீசன், 2016 ஏப்ரலில் லண்டன் ஹோட்டல் ஒன்றில் ரைட்டைச் சந்தித்து, அவர் தன் முன்னாலேயே ஒப்பமிட்டுக் காட்டியதாக நம்பினார். புதிதாக வாங்கிய ஒரு கணினியில்தான் அந்தச் சோதனை நடந்தது. ஆனால் அந்த ஒப்பத்தை எடுத்துக்கொண்டு போக ரைட் தரப்பு அவரை அனுமதிக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த இடத்திலேயே சந்திப்பை முடித்திருக்க வேண்டும். இந்த ஒப்பத்தின் முழுப் பெறுமதியும் யாரும் எங்கேயும் சோதிக்கலாம் என்பதில்தான் இருக்கிறது. அறைக்குள் மட்டும் காட்டுவேன், வெளியே தரமாட்டேன் என்றால் அது வித்தை காட்டுகிறவரின் பேச்சு. ரைட்டை அவ்வளவு நம்பியது பிழை என்று 2023இல் அன்ட்ரீசனே எழுதினார்.

வலைப்பதிவு உடைந்த பிறகு, "அசாதாரணமான அத்தாட்சி" தருவதாக ரைட் தரப்பு அறிவித்தது. சதோஷியின் பழைய முகவரி ஒன்றுக்கு மற்றவர்கள் சிறு தொகை அனுப்புவது, அங்கிருந்து அவர் திருப்பி அனுப்புவது என்பது திட்டம். பி.பி.சி. செய்தியாளரும் ஐந்து பவுண் அளவில் அனுப்பினார். திரும்பி வரவில்லை. மே 5ஆம் திகதி, தனக்கு அதற்கான தைரியம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் ஒரு குறிப்பைப் போட்டுவிட்டு ரைட் ஒதுங்கினார்.

சாவி தொலைந்துபோகலாம், அது உண்மை. சாவி இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் 2016 மேயில் அவர் "தொலைந்துவிட்டது" என்று சொல்லவில்லை. இருக்கிறது, காட்டுகிறேன் என்றார். 2022இல் நோர்வே நீதிமன்றத்தில்தான், அந்த நாட்களிலேயே சாவிக்கு வழியான ஹார்ட் டிரைவைத் தன் காலால் மிதித்து உடைத்துவிட்டதாகச் சொன்னார்.

நோர்வேயில் அவருக்கு என்ன வேலை? நான் இந்தப் பதிவை எழுத உண்மையான காரணம் அதுதான்.

நோர்வேயில் ஒரு பாடசாலை ஆசிரியர். டுவிட்டரில் ஹொட்லோநாட் என்ற புனைபெயரில், விண்வெளி உடை போட்ட பூனையின் படத்தோடு எழுதிக்கொண்டிருந்தார். 2019 மார்ச்சில், ரைட் சதோஷி அல்ல, ஏமாற்றுக்காரர் என்று சில பதிவுகள் போட்டார். நாம் பேஸ்புக்கில் போடுவதைப் போலத்தான். ரைட்டின் சட்டத்தரணிகளிடமிருந்து கடிதம் வந்தது: பதிவுகளை நீக்கு, ரைட்தான் சதோஷி என்று ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் வழக்கு. ரைட்டை ஆதரித்த செல்வந்தரின் ஊடக நிறுவனம், அந்த ஆசிரியரின் உண்மையான அடையாளத்தைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு 5,000 டொலர் பெறுமதியான சன்மானம் அறிவித்தது. ஒரு வாத்தியாரின் தலைக்கு விலை.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் தங்கள் படத்தையும் பெயரையும் மாற்றி அதே பூனையாக மாறினார்கள். பெரிய நாணய மாற்று நிறுவனமான பினான்ஸ், ரைட் தரப்பு "அசல் சதோஷியின் நோக்கம்" என்ற பெயரில் முன்னெடுத்த பி.எஸ்.வி. நாணயத்தைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் வழக்குச் செலவும் தூக்கம் கெட்ட இரவுகளும் ஆசிரியருக்குத்தான். லண்டனில் ஒன்று, ஒஸ்லோவில் ஒன்று என்று இரண்டு நாட்டில் வழக்கு. 2022 ஒக்டோபரில் ஒஸ்லோ நீதிமன்றம், அப்படி எழுதுவதற்கு அவருக்குப் போதிய ஆதாரம் இருந்தது, பதிவுகள் சட்டவிரோதமானவை அல்ல என்று தீர்ப்பளித்து, 40 இலட்சம் குரோனருக்கு மேல் செலவுத் தொகை கொடுக்கும்படி ரைட்டுக்கு உத்தரவிட்டது. மூன்றரை வருடம் போனது, ஒரு சந்தேகத்தை வெளியே சொன்னதற்கு.

அவர் ஒருவர் மட்டுமல்ல. பிரித்தானிய வலையொலியாளர் பீட்டர் மெக்கோர்மாக் மீதும் அவதூறு வழக்கு. அதில் 2022 ஓகஸ்டில் ரைட்டுக்குக் கிடைத்த நட்டஈடு ஒரே ஒரு பவுண். வேண்டுமென்றே பொய்யான சாட்சியம் முன்வைத்தவருக்கு அதற்கு மேல் கொடுக்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். சம்பளம் வாங்கியும் வாங்காமலும் பிட்கொய்ன் மென்பொருளைப் பராமரித்து வந்த ஒரு டசினுக்கு மேற்பட்ட நிரலாளர்கள் மீது இன்னொரு வழக்கு. தன்னிடமிருந்து திருடப்பட்டதாகச் சொன்ன 1,11,000 நாணயத்தை மீட்டுத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் என்று. 2021இல், சதோஷியின் ஒன்பது பக்கக் கட்டுரை தன் பதிப்புரிமை என்று சொல்லி அதை இணையத்தளங்களிலிருந்து எடுக்கச் சொன்னார். பிட்கொய்ன்.ஓர்க் தளத்தை நடத்தியவர் தன் பெயரை வெளியிட விரும்பாததால் வழக்கில் முன்னிலையாகவில்லை. ஆள் வராததால் ரைட் பக்கம் தீர்ப்பாகி, பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு அந்தத் தளம் கட்டுரையைக் காட்டாமல் விட்டது. எல்லாருக்கும் பொதுவாக விட்டுச் செல்லப்பட்ட ஒரு எழுத்து, ஒருவரின் பேச்சை வைத்து ஒரு நாட்டில் மறைக்கப்பட்டது.

இடையில் அமெரிக்காவிலும் ஒரு வழக்கு ஓடியது. ரைட்டின் நண்பர், 2013இல் இறந்துபோன புளோரிடா கணினி நிபுணர் டேவ் கிளெய்மனின் சகோதரர், சதோஷியின் நாணயங்களில் பாதி டேவுக்குரியது என்று கேட்டார். அந்த வழக்கு இரண்டு தரப்பும் "ரைட் சதோஷி" என்பதை வைத்துக்கொண்டு சண்டை போட்ட வழக்கு, ஆகவே யார் சதோஷி என்று அதில் தீர்க்கப்படவில்லை. ஆனால் அதில் நடந்த ஒரு விடயத்தை விட முடியாது. தனக்குரியவை என்று ரைட் ஒரு நீண்ட முகவரிப் பட்டியலைக் கொடுத்தார். 2020 மேயில், அந்தப் பட்டியலிலிருந்த 145 முகவரிகளின் சாவிகளாலும் ஒப்பமிட்ட ஓர் அறிவித்தல் வெளியானது. கிரேக் ரைட் பொய்யர், இந்தச் சாவிகள் அவரிடம் இல்லை என்பது அதன் சாரம். ஒருவர் தன் வீடுகள் என்று பட்டியல் கொடுக்க, 145 வீட்டின் கதவைத் திறந்துகொண்டு உண்மையான சொந்தக்காரர் வெளியே வந்து நின்றது போல. ரைட்டிடம் எட்டு வருடம் கேட்ட ஐந்து நிமிட வேலையை யாரோ ஒருவர் சத்தமில்லாமல் 145 தடவை செய்துவிட்டுப் போனார்.

கடைசியாக லண்டன் மேல் நீதிமன்றம். கிரிப்டோ நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய கோப்பா என்ற கூட்டமைப்பு, ரைட் சதோஷி அல்ல என்று பிரகடனம் செய்யும்படி 2021இல் வழக்குப் போட்டது. இந்த நிறுவனங்கள் ஒன்றும் தர்மத்துக்கு வந்தவை அல்ல, அவற்றுக்கும் வியாபார நலன் உண்டு. ஆனால் தனி ஆள் தாங்க முடியாத செலவை அவற்றால் தாங்க முடிந்தது. 2024 பெப்ரவரி 5ஆம் திகதி நீதியரசர் மெலர் முன்னிலையில் விசாரணை தொடங்கியது.

வரலாற்று மாணவர்கள் இந்தப் பகுதியை ஆறுதலாக வாசிக்க வேண்டும். சாவி இல்லாததால் ரைட் கடதாசிகளைக் கொண்டு வந்திருந்தார். 2007, 2008இல் தான் பிட்கொய்னை உருவாக்கிக்கொண்டிருந்ததற்கு அடையாளமான குறிப்புகள், வரைவுகள், மின்னஞ்சல்கள். தடயவியல் நிபுணர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள்.

2007ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பு என்று கையால் எழுதிய தாள்கள் ஒன்று. எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கொப்பியை அச்சிட்ட நிறுவனத்திடம் கேட்டார்கள். அந்த வகைக் கொப்பி 2007இல் அச்சிடப்பட்டிருக்கவே இல்லை.

இன்னொரு ஆவணம் 2008க்குரியது என்றார். கோப்பின் உள்ளே பார்த்தபோது நிர்மலா யு.ஐ. என்ற எழுத்துருவின் பெயர் பதிந்திருந்தது. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்! விண்டோஸில் தமிழையும் சிங்களத்தையும் காட்டுகிற எழுத்துரு அதுதான். தவணைப் பரீட்சைத் தாள் தட்டச்சுச் செய்கிற ஆசிரியர்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கும் பெயர். அது 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்தது. 2008ஆம் ஆண்டு ஆவணத்துக்குள் அது எப்படிப் போய் உட்கார்ந்தது? எழுதியவர் தமிழில் ஒரு எழுத்தும் அடித்திருக்க மாட்டார். புதிய கணினியில் கோப்பைத் திறந்து சேமிக்கும்போது அதுவாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய திகதியை மேலே எழுதியவருக்கு, கீழே தன் காலத்தின் மண் ஒட்டியிருப்பது தெரியவில்லை.

தன்னிடம் 2007ஆம் ஆண்டு நிலையில் உறைந்த ஒரு பழைய டிரைவ் இருப்பதாக 2023இல் புதிதாகச் சொன்னார். ஆராய்ந்தபோது, கணினிக் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பி வைத்துவிட்டு 2023 செப்டெம்பரில் அதற்குள் கோப்புகள் போடப்பட்டது தெரிந்தது. மூலக் கட்டுரையைத் தான் லாடெக் என்ற அச்சுக்கோப்பு முறையில் எழுதியதாகச் சொல்லி அந்தக் கோப்புகளைக் காட்டினார். வெளியான கட்டுரையோ ஓப்பன் ஒபிஸ் மென்பொருளில் செய்யப்பட்டது, அதன் பி.டி.எப். கோப்பிலேயே அது பதிவாகியிருக்கிறது. லாடெக் கோப்புகள் வைக்கப்பட்டிருந்த இணையச் சேவையின் திருத்த வரலாற்றை நீதிமன்றத்துக்கு எடுத்தபோது, 2023 நவம்பரில் ஒருவர் இருந்து இடைவெளிகளைக் கூட்டிக் குறைத்து, வெளியான கட்டுரையின் தோற்றத்துக்குக் கொண்டு வர முயன்றது வரிக்கு வரி தெரிந்தது.

ஆசிரியர்களுக்கு மிகவும் பழக்கமான பிழை ஒன்றும் உண்டு. 2019இல் ரைட் டுவிட்டரில் ஒரு பழைய ஆய்வு முன்மொழிவைக் காட்டி, பிட்கொய்ன் சுருக்கத்தை 2001 அளவிலேயே எழுதிவிட்டேன் என்றார். ஆனால் சதோஷி 2008 ஓகஸ்டில் ஒரு வரைவைச் சிலருக்கு அனுப்பி, பிறகு சொற்களைத் திருத்தி ஒக்டோபரில் வெளியிட்டிருந்தார். ரைட்டின் "2001" தாளில் அந்தப் பிந்திய திருத்தங்கள் இருந்தன. அடுத்த பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதியவனிடம் நாம் பிடிப்பது இதைத்தான்: செம்மைப் பிரதியில் மட்டும் இருக்கிற சொல் முதல் வரைவிலும் இருக்கிறது.

மனிதர்களும் சாட்சி சொன்னார்கள். சதோஷியோடு 2008இல் கடிதம் பரிமாறிய அடம் பக் அந்த மின்னஞ்சல்களை ஒப்படைத்தார். வெய் டாய் என்பவரின் பழைய மின்பண யோசனை சதோஷிக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை, பக் சொல்லித்தான் தெரிந்துகொண்டார் என்பது அவற்றில் தெளிவு. ரைட்டின் கதையிலோ அந்த யோசனை ஆரம்பத்திலிருந்தே தன் வேலைக்கு அடிப்படை. குறுக்கு விசாரணையில், சதோஷியின் நிரலிலுள்ள "அன்சைன்ட்" என்ற ஒரு சொல்லின் பொருள் என்னவென்று சட்டத்தரணி கேட்டார். அந்த மொழியில் நிரல் எழுதப் பழகுகிற பிள்ளை முதல் வாரங்களிலேயே படிக்கிற விடயம்: மறை எண் இல்லாத முழு எண். ரைட்டால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நிரலை எழுதியவராம்.

பிடிபடும் ஒவ்வொரு தடவையும் குற்றம் வேறு யாரிலாவது விழுந்தது. ஊழியர்கள், ஹக்கர்கள், பழைய சட்டத்தரணிகள். விசாரணை நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே அவர் தரப்பிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல், அதை அனுப்பியதாகச் சொல்லப்பட்ட பழைய சட்ட நிறுவனத்தாலேயே மறுக்கப்பட்டது. அதுவும் போலி என்று முடிவானது.

வழமையாக நீதிபதிகள் மாதக்கணக்கில் யோசித்துத் தீர்ப்பு எழுதுவார்கள். மார்ச் 14ஆம் திகதி தொகுப்புரைகள் முடிந்த உடனேயே மெலர், சாட்சியம் மிகப் பலமானது, ஆகவே இப்போதே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார். ரைட் அந்தக் கட்டுரையை எழுதியவர் அல்ல. 2008 முதல் 2011 வரை சதோஷி என்ற பெயரில் இயங்கியவர் அல்ல. பிட்கொய்ன் முறையை உருவாக்கியவர் அல்ல. அதன் ஆரம்ப மென்பொருளை எழுதியவரும் அல்ல. மே 20ஆம் திகதி எழுத்துத் தீர்ப்பு வந்தது. 40க்கும் மேற்பட்ட ஆவணங்கள் போலி என்றும், ரைட் மீண்டும் மீண்டும் விரிவாகப் பொய் சொன்னார் என்றும் அது சொல்கிறது. தான் நினைக்கிற அளவுக்கு அவர் கெட்டிக்காரர் அல்ல என்ற ஒரு வசனமும் அதில் உண்டு. நிரலாளர்கள் மீதான வழக்கு அதோடு கைவிடப்பட்டது.

ஜூலையில், பொய்ச் சத்தியம் செய்ததற்காக வழக்குத் தொடர்வதா என்று ஆராயும்படி விடயம் அரச வழக்குத் தொடுநரிடம் அனுப்பப்பட்டது. தான் சதோஷி அல்ல என்ற தீர்ப்பைத் தன் இணையத்தளத்திலேயே அறிவித்தலாகப் போட வேண்டி வந்தது. ஒக்டோபரில், தடை உத்தரவு இருக்கும்போதே, 91,100 கோடி பவுண் கேட்டு இன்னொரு வழக்கைத் தொடுத்தார். நவம்பரில் மேன்முறையீட்டு அனுமதியும் மறுக்கப்பட்டது; அவர் காட்டிய முன்னைய தீர்ப்புகளில் இல்லாத வழக்கு ஒன்றும் இருந்தது, செயற்கை நுண்ணறிவு கற்பனை செய்ததுபோல் தெரிகிறது என்று நீதிபதி குறிப்பிட்டார். டிசம்பர் 19ஆம் திகதி நீதிமன்ற அவமதிப்புக்காக 12 மாதச் சிறை, இரண்டு வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஆசியாவில் ஏதோ ஒரு நாட்டிலிருந்து வீடியோ மூலம் தோன்றினார். எந்த நாடு என்று கேட்டதற்குச் சொல்ல மறுத்துவிட்டார்.

சதோஷி யார் என்பது இன்னும் வெளிவரவில்லை. 2024 ஒக்டோபரிலும் ஓர் ஆவணப்படம் ஒரு கனேடிய நிரலாளரைச் சுட்டியது, அவர் மறுத்தார். அதே மாதம் 31ஆம் திகதி லண்டனில் இன்னொருவர் செய்தியாளர்களைக் கூட்டி வைத்து "நான்தான்" என்றார். ஒப்பத்தைக் காட்டுங்கள் என்றார்கள். காட்டவில்லை.

மெலரின் தீர்ப்பு முழுதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கம், ஆனால் பின்னிணைப்பை மட்டும் எடுத்தால் போதும். ஒவ்வொரு போலி ஆவணமும் எப்படிப் பிடிபட்டது என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். ஏ.எல். வரலாறு செய்கிற பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்புக்கும் உதவும். சந்தேகம் இருந்தால் பின்னூட்டத்தில் கேளுங்கள். கிரிப்டோவில் காசு போடலாமா சேர் என்று மட்டும் இன்பொக்ஸில் வந்து கேட்க வேண்டாம். அதற்கு மத்திய வங்கி திரும்பத் திரும்ப எச்சரிக்கை அறிவித்தல் போட்டிருக்கிறது, அதை எடுத்து வாசியுங்கள்.